திமிங்கலப் பல்லை ருக்மின் வாங்கவில்லை

என் இடது பக்கத்தில் உட்கார்ந்து ருக்மின் பாட வேண்டும். மூன்று வருஷமாக நான் ஆண்டவரிடம் கேட்டதெல்லாம் அவ்வளவுதான். மழை கேட்கவில்லை. என் பெண்ணுக்கு நல்ல புருஷன் கிடைக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, அவள் பாடு அவளுக்கு.

எங்கள் வூனிசே ஊரில் கோயில் ஒன்று, சபை இரண்டு. காலை பத்து மணிக்கு இந்தத் தீவின் பூர்வகுடிகளான எங்கள் ஆராதனை. மதியம் இரண்டு மணிக்கு இந்தியர்களின் ஆராதனை. இரண்டு பேரும் மெதடிஸ்ட்தான், உட்காருவதும் அதே கறையான் அரித்த பெஞ்சில்தான். ஆனால் நாங்கள் எழுந்து போன சூடு ஆறின பிறகுதான் அவர்கள் வந்து உட்காருவார்கள். யார் இப்படி ஏற்பாடு செய்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. ருக்மின் ஒருத்திதான் இரண்டுக்கும் வருவாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் வம்சத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து இஞ்சி போட்டிருந்த தானியேலின் பெண்டாட்டி அவள். காலையில் எங்கள் பாடகர் குழுவில் என் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் பாஷையில் இரண்டாம் குரலான ஆல்ட்டோ பாடுவாள். மதியம் அவர்களுடன் இந்தியில் பாடுவாள். நடுவில் என் வீட்டில் சாப்பாடு. "உங்க சாப்பாட்டுல மிளகாயே இல்லை, இதைத் தின்னுட்டு எப்படிடி புருஷனைத் திட்டறே?" என்பாள். அவள் குரல் பக்கத்தில் இருந்தால் என் குரல் சுருதி விட்டு ஓடாது.

தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமெண்டைப் பிடித்த வருஷம் எங்கள் பையன்களுக்கும் பித்தம் தலைக்கேறியது. ஒரு வியாழக்கிழமை மதியம் கூட்டமாக ஆற்றைக் கடந்து இந்தியர்களின் வீடுகளுக்குப் போனார்கள். மாடு, அரிசி மூட்டை, தையல் மிஷின், கையில் அகப்பட்டதையெல்லாம் தூக்கினார்கள். என் மகன் சாகியுசாவும் அதில் ஒருத்தன். அன்று கோயிலில் எங்களுக்குப் பாட்டுப் பயிற்சி, ருக்மின் மட்டும் வரவில்லை. மூன்றாவது சரணத்தில் ருக்மின் ஜன்னலில் வந்து நின்றாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சனிக்கிழமைக்குள் இந்தியக் குடும்பங்கள் பதினொன்றும் லாரி ஏறிப் போய்விட்டன.

இரண்டு மாதம் கழித்து எங்கள் பெரியவர்கள் திமிங்கலப் பல்லை எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போனார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. குற்றம் செய்தவன் தரையில் குனிந்து உட்கார்ந்து நீட்டுவான். எதிரே இருப்பவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டால் குற்றம் புதைந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயைத் திறக்கிறவன்தான் குற்றவாளி. இந்தியர் சபையின் மூப்பர் மத்தேயு கிழவர் வாங்கிக்கொண்டாராம். எங்கள் ஆண்கள் சந்தோஷமாகத் திரும்பி வந்து இரண்டு நாள் கவா வேர்ச்சாறு குடித்தார்கள். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குஞ்சும் ஊர் திரும்பவில்லை. "அதான் புதைச்சாச்சே, இன்னும் என்ன முறுக்கு அவங்களுக்கு?" என்று இவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் புதிதாக ஒரு சின்ன வயசுப் போதகர் வந்தார். இனி பத்து மணியும் கிடையாது, இரண்டு மணியும் கிடையாது, ஆகஸ்டு முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு சபைக்கும் ஒரே திருவிருந்து, ஒரே அப்பம், ஒரே ரசம் என்று அறிவித்தார். போன குடும்பங்களுக்கெல்லாம் கடிதம் போட்டார். சிலர் வருவதாக எழுதினார்கள். ருக்மின் எழுதவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்த திமிங்கலப் பல்லை எடுத்துத் துணியில் சுற்றினேன். என் வீட்டுக்காரர் பெனியாசி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"பொம்பளை தனியா பல்லைத் தூக்கிட்டுப் போறதா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீங்க எல்லாரும் சேந்து கொண்டுபோனீங்களே, அவ வந்தாளா?"

"அது புதைச்சாச்சு உனைசி."

"புதைச்சீங்க. யாரைப் புதைச்சீங்கன்னுதான் தெரியல."

அவர் தள்ளி நின்றார். முப்பது வருஷத்தில் என் நாக்கை எதிர்த்து நின்று அவருக்குப் பழக்கமில்லை.

இரண்டு பஸ் மாறி, சுவாவுக்கு வெளியே தகரக் குடியிருப்பில் விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். வாரம் முழுக்கத் துணி ஃபேக்டரியில் தைக்கிறாளாம். நான் போனபோது ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள், கை நிற்கவில்லை.

"வந்துட்டியா. பஸ் கிடைக்க மூணு வருஷம் ஆச்சோ?"

"சேப்பங்கிழங்கு கொண்டாந்தேன்" என்றேன்.

"என் தோட்டத்துதா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். "ஆமா. உன் தோட்டத்துதுதான்."

"நல்லா விளையுதா?"

"விளையுது."

"விளையும். நான் சாணி கொட்டின மண்ணு."

நாற்காலியைக் காட்டினாள். நான் உட்காரவில்லை. தரையில் இறங்கி, தலையைக் குனிந்து, பல்லை இரண்டு கையாலும் நீட்டினேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னேன். பொதுவாக ஆண்கள் சொல்கிறது அது, எனக்கு நடுவில் இரண்டு இடத்தில் தட்டியது. கை வலிக்கிறவரை நீட்டிக்கொண்டே இருந்தேன். ரொட்டிக் கட்டை உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"எடுத்து உள்ள வை."

"ருக்மின், இதைத் திருப்பி அனுப்பறது எவ்வளவு பெரிய அவமானம்னு உனக்குத் தெரியும்."

"தெரியாம என்ன? உங்க நடுவுலயே பொறந்து வளந்தவ நான்." கட்டையைக் கீழே வைத்தாள். "மத்தேயு மாமா வாங்கினாரே, அன்னிக்கு நான் கதவுக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன். என்கிட்ட ஒருத்தர் கேக்கல. அன்னியிலேர்ந்து நான் வாயைத் தொறந்தா, 'வாங்கியாச்சு, விடு'ன்னு என் புருஷன் சொல்றாரு. 'மன்னிச்சுட்டோமே சகோதரி'ன்னு எங்க போதகர் சொல்றாரு. ஒரு பல்லை வாங்கினதுக்கே எனக்கு வாயடைச்சுப் போச்சு. உன்னோடதையும் வாங்கினா நான் எங்க போய்ப் பேசறது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, மறைப்பானேன். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றிருந்தது. அவள் என்னைச் சோதிக்கிறாளா, எப்போது கிளம்புவேன் என்று பார்க்கிறாளா என்று தெரியவில்லை. பல்லைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டேன்.

"சரி, வாங்க வேண்டாம். சொல்லு. நான் கேக்கறேன்."

"எதை?"

"எல்லாத்தையும்."

சொன்னாள். கடன் சொல்லி வாங்கின தையல் மிஷின் போனதை, கன்றுக்குட்டி கத்தினதை, கல்யாண போட்டோவை மிதித்ததை. அடுப்பிலிருந்த குழம்பைச் சட்டியோடு இறக்கி வைத்துத் தின்றார்களாம். "உன் புள்ளை என் சமையல்கட்டுல நின்னு, 'மாமி, உப்பு எங்க இருக்கு?'ன்னு கேட்டான் உனைசி. எப்பவும் கேக்கற மாதிரியே கேட்டான். நானும் எடுத்துக் குடுத்தேன்." அதைச் சொல்லும்போது சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவன் பாதி நாள் அவள் வீட்டில் தின்று வளர்ந்தவன்.

"அப்புறம் கோயிலுக்கு ஓடி வந்தேன். நீங்க எல்லாரும் பாடிட்டிருந்தீங்க. ஜன்னல்ல நின்னு உன்னையே பாத்தேன். நீ புஸ்தகத்துல குனிஞ்சிருந்தே, கவனிக்கல. கூப்பிட எனக்குக் குரல் வரல, போயிட்டேன்."

முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்க எல்லாரும் என்ன சொல்லுவாங்க தெரியுமா? அந்த ஊர்ல ஒருத்தரும் நம்ம மனுஷங்க இல்லன்னு. நான் சண்டைக்குப் போவேன். உனைசி என்னைப் பாக்கல, பாத்திருந்தா பாட்டை விட்டுட்டு ஓடி வந்திருப்பான்னு சொல்லுவேன். அந்த ஒண்ணை வச்சுத்தான் இவ்வளவு நாள் ஓட்டினேன்." மூக்கை உறிஞ்சினாள். "நீ தேடி வந்துட்டே. போதும். திருவிருந்துக்கு வர்றேன். உன் பக்கத்துலயே உக்கார்றேன், போ."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு அந்த ரொட்டியைத் தின்றுவிட்டுக் கிளம்பினால் போதும். ஆகஸ்டில் அவள் குரல் என் காதோடு இருக்கும். ஆண்டவரே, அதற்கு எவ்வளவு ஆசைப்பட்டேன். ஆனால் அவள் யார் பக்கத்தில் உட்காரப் போகிறாள்? ஓடி வந்திருப்பாள் என்று அவள் நம்புகிற ஒருத்தியின் பக்கத்தில். அப்படி ஒருத்தி அன்று கோயிலில் இல்லை.

"பாத்தேன்" என்றேன்.

"என்னது?"

"உன்னைப் பாத்தேன் ருக்மின். உன் முக்காடு கிழிஞ்சிருந்ததையும் பாத்தேன். என் புள்ளை அங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். நான் எழுந்து வந்தா அவன் செஞ்சது ஊருக்கே தெரிஞ்சுபோயிரும்னு பயம். அதான் குனிஞ்சுட்டேன். அடுத்த சரணத்தை இன்னும் சத்தமாப் பாடினேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். ரொட்டி கல்லிலேயே கிடந்தது.

"போயிரு" என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். வாயைத் திறந்து கெடுத்துக்கொண்டாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு பஸ் வந்து போனது. ஏற மனசில்லை. இரண்டாவது பஸ்ஸும் வரப்போகிற நேரத்தில் செருப்புத் தேய்கிற சத்தம் கேட்டது. கையெல்லாம் மாவோடு ருக்மின் வந்து, உட்காராமல், மூன்றடி தள்ளி நின்றாள்.

"மூணு வருஷமா தப்பான கதையைச் சொல்லிட்டிருந்திருக்கேன்" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. "இப்ப மறுபடி முதல்லேர்ந்து சொல்லணும். நீ இருக்கற கதையா. நீ உக்காந்து கேக்கணும்."

"கேக்கறேன்."

"அடுத்த சனிக்கிழமை வா. அந்தப் பல்லு, கிழங்கு ஒண்ணும் வேண்டாம், வெறுங்கையோட வா."

"திருவிருந்துக்கு வருவியா?"

"அதை இப்ப என்கிட்ட கேக்காதே."

ஐந்து சனிக்கிழமை போனேன். ஒரு நாள் ஒரு மணி நேரம் பேசுவாள், ஒரு நாள் பத்தே நிமிஷம். சில நாள் என்னைத் திட்டுவாள். நான் வாங்கிக்கட்டிக்கொள்வேன், பதில் பேச மாட்டேன். நான், உனைசி, பதில் பேசாமல். ஒவ்வொரு தடவையும் கதை கோயில் ஜன்னலுக்கு வந்ததும் நின்றுவிடும். "இன்னிக்குப் போதும், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்பாள்.

ஆகஸ்டு முதல் ஞாயிறும் வந்தது. ஆறு இந்தியக் குடும்பங்கள் வந்திருந்தன. எங்கள் ஊர்த் தலைவர் மத்தேயு கிழவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து முன்பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். போதகருக்கு முகமெல்லாம் பல். ருக்மின் வரவில்லை. பாட்டு நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் இரண்டு இடத்தில் சுருதி போனது.

அப்பமும் ரசமும் வாங்க வரிசை வரிசையாக எழுந்து போய் மண்டியிட்டார்கள். எங்கள் வரிசையும் எழுந்தது. நான் எழவில்லை. பெனியாசி முழங்கையால் இடித்தார். அசையவில்லை. எல்லாரும் வாங்கி முடித்த பிறகு, போதகர் சின்னக் கிண்ணத்தோடு என்னிடமே இறங்கி வந்தார்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன் ஐயா. ருக்மின் இன்னும் சொல்லி முடிக்கல."

"என்னத்தை?"

முன்பெஞ்சில் தலைவர் திரும்பிப் பார்த்தார். பெனியாசி என் கையைப் பிடித்து அழுத்தினார். கோயிலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்த வியாழக்கிழமை அவ வீட்ல என்ன நடந்துச்சு, இங்க உக்காந்து பாடிட்டிருந்த நான் என்ன செஞ்சேன், அதை" என்றேன், கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்கிற மாதிரி. "அவ முடிச்சதும் ரெண்டு பேருமா வர்றோம் ஐயா. எங்க ரெண்டு பேருக்கும் எடுத்து வைங்க."