ஓட்டை விழுந்த தோல்

“கடையில வாங்கினது சார்” என்று என் வீட்டுக்காரர் சொன்னது அடுப்படி வரை கேட்டது. சர்க்கரையை அள்ளிய கரண்டி கையிலேயே நின்றது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

இவர் பழச்சாறு ஆலையில் சூப்பர்வைசர். காய்ச்சலில் படுத்தவரைப் பார்க்க மேனேஜரே வீடு தேடி வந்திருந்தார். நானும் பெருமையாகத் தட்டு நிறைய ஆரஞ்சுத்தோல் மிட்டாயை வைத்துவிட்டு உள்ளே வந்தேன். ஆலையில் சாறு பிழிந்தபின் குப்பைக்குப் போகிற தோல்தான். பின்வாசலில் வண்டிக்காரரிடம் கேட்டு மூட்டையாக வாங்கி வருவேன். கசப்பு போகத் தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைத்து, சீனிப்பாகில் ஊறவைத்து, காயப் போடுவேன். தெருவில் பாதிப் பேர் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். இவருக்கு மட்டும் அது குப்பை. “சூப்பர்வைசர் பொண்டாட்டி குப்பை பொறுக்குறான்னு பேசுறாங்க. என் மானத்த வாங்காத” என்பார். அதற்குப் பயந்து நானும் திருடி மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு போய்வந்தேன், வெட்கங்கெட்டவள்.

“எந்தக் கடை?” என்றார் மேனேஜர்.

“அது... பஸ் ஸ்டாண்ட் பக்கம் சார்.”

எட்டிப் பார்த்தேன். மேனேஜர் ஒரு துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு. ஐயோ! பிழிகிற மிஷின் ஒவ்வொரு பழத்தின் அடியிலும் வட்டமாக ஓட்டை போடும். அந்த இடத்தை எப்போதும் நறுக்கி எறிந்துவிடுவேன். காய்ச்சல்காரரைக் கவனிக்கிற அவசரத்தில் இந்த முறை விட்டுப்போயிருந்தது.

“கடைக்காரரும் நம்ம மிஷின்லதான் பிழியிறாரு போல” என்று மேனேஜர் சிரித்தார்.

இவர் தலை தொங்கிப்போனது. நல்லா வேணும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் போர்வைக்குள் ஒடுங்கிப்போன அந்த மனுஷனைப் பார்க்கச் சகிக்கவில்லை. வெளியே வந்தேன்.

“நான்தான் சார் செஞ்சேன். இவர் சும்மா விளையாடுறாரு. தோல் மூட்டையத் தூக்கிட்டு வந்து குடுக்குறதே இவர்தான்.”

“அட, சொல்லவே இல்லையே! இனிமே முன்வாசல் வழியாவே எடுத்துட்டுப் போங்க.”

இவர் தலையை ஆட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

காய்ச்சல் விட்டு வேலைக்குப் போன அன்று சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவர் கால்களுக்கு நடுவே ஈர மூட்டை. தெருமுனையிலிருந்து எங்கள் வாசல் வரை சாறு சொட்டிய கோடு. எதிர்வீட்டுக்காரர் கேட்டில் சாய்ந்துகொண்டு, “என்ன சார், மூட்டையெல்லாம் பலமா இருக்கு?” என்றார்.

கதவைத் திறந்து போய் ஒரு கை பிடித்திருக்கலாம். பொய் சொல்லி மாட்டிவிட்டவளே நான்தானே. ஆனாலும் கூசியது. கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, இவர் என்ன சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கதவிடுக்கில் பார்த்தால், இவர் மூட்டையை இறக்கவில்லை. பிசுபிசுத்த கையைச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.