அணைந்தால் ஓடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு போன் சார்ஜரின் முதுகில் கிடைத்தது. பொடி எழுத்துகளுக்கு நடுவே ஒரு சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம். ‘இரட்டைக் காப்பு’ என்று அதற்குப் பொருளாம். வீட்டு மின்சாரத்துக்கும் என் விரலுக்கும் நடுவே இரண்டு அரண்கள்! தெரிந்ததும் இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

சொல்வதற்கு ஆட்கள் வேண்டுமே. புத்தக பைண்டர் ஒருவரைப் பிடித்தேன். வீட்டு முன்னறையில்தான் வேலை. காது அறவே கேட்காது; எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். உள்ளறைத் தொட்டிலில் ஆறு மாதக் குழந்தை. விடுப்பு முடிந்து மனைவி திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள். அப்புறம் குழந்தை அழுதால் அவருக்கு எப்படித் தெரியும்?

2

முதல் தொடக்கம்: ‘பைண்டரின் விரல் அந்தக் கம்பியில் பட்டதும் —’

[வேண்டாம். கம்பியைக் காட்டினால் யாரையாவது தூக்கி எறிந்தே தீருவது கதைக்காரர்களின் கெட்ட பழக்கம். தொட்டிலுக்குப் பக்கத்தில் அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை.]

இரண்டாம் தொடக்கம்: சனிக்கிழமை காலை பைண்டர் பசைக் கிண்ணத்தை ஓரங்கட்டிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார். தொட்டில் காலில் கட்டிய சோப்புப் பெட்டிக்குள் ஒரு குட்டி மைக். அங்கிருந்து வயர் அவர் மேசைக்கு வருகிறது. அழுகை கேட்டால் மேசையில் சிவப்பு விளக்கு எரியும். இதற்கெல்லாம் மின்சாரம் தர, வீடியோ பார்த்து அவரே பற்றவைத்த ஒரு பலகை, தீப்பெட்டி அளவுதான். சுவரில் செருகினால் ஐந்து வோல்ட் வரும்.

“எரியுது பாரு!” என்று கத்தினார். (தன் குரல் தனக்குக் கேட்காததால் அவருடைய சந்தோஷம் எப்போதும் பக்கத்து வீடு வரை போகும்.)

3

மனைவியை முதலில் ‘கரண்ட்னாலே எனக்குப் பயம்ங்க’ என்று ஒதுங்குகிறவளாக எழுதியிருந்தேன். ஒரு பத்திகூட உயிரோடு நிற்கவில்லை. அதை அடித்துவிட்டு அவளை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கினேன். உடனே தன் பையைத் திறந்து மீட்டரை எடுத்துவிட்டாள்.

பலகையின் இரண்டு வயர்களுக்கும் நடுவே வைத்தாள். ஐந்து.

“நான்தான் சொன்னேன்ல?”

“இருங்க, குதிக்காதீங்க.”

மீட்டரின் ஒரு முனையை வயரிலும் மறு முனையைப் பக்கத்து சாக்கெட்டின் எர்த் துளையிலும் வைத்தாள். ஒன்றுமில்லை. பலகையின் பிளக்கைத் திருப்பிச் செருகி மறுபடி வைத்தாள்.

இருநூற்று முப்பது.

“ரெண்டு வயருக்கும் நடுவுல அஞ்சுதான். ஆனா ரெண்டுமே சுவத்துக் கரண்டோட ஒட்டிக்கிட்டு இருக்கு. குட்டி கைக்கு எது கிடைச்சாலும் வாய்லதானே வைக்குது?”

பைண்டர் பிளக்கைப் பிடுங்கினார். அட்டை வெட்டும் கத்தியால் அந்தப் பலகையின் வயரை நறுக்கினார். ஒரு தரம் போதாமல் மூன்று தரம்.

* அடக்க முடியாமல் ஒரு குறிப்பு: நல்ல சார்ஜருக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். முதல் சுருளின் காந்தம் இரண்டாவதில் மின்சாரத்தைக் கிளப்பிவிடும். நடுவே தாண்டிப்போவது காந்தம் மட்டும்! பைண்டரின் பலகையில் அந்த இடைவெளியே கிடையாது.

4

மனைவி தன் போன் சார்ஜரைக் கொண்டுவந்து முதுகைக் காட்டினாள். சதுரத்துக்குள் சதுரம். ஐந்து வோல்ட், ஒரு ஆம்பியர்.

“நம்ம பெட்டிக்கு இருபது மில்லியாம்பியர் போதுமே. ஒரு ஆம்பியர் போனா கருகிடாது?”

“அது தர முடிஞ்ச அளவுங்க. பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுத்துக்கும். வோல்ட்தான் பொருந்தணும்.”

“சரி, கரண்ட் போச்சுன்னா? பேட்டரி போட்டுரலாமா?”

“பேட்டரி சொல்லிட்டா தீரும்?”

இருவரும் விளக்கைப் பார்த்தார்கள். பேட்டரி தீர்ந்தால் விளக்கு எரியாது. குழந்தை தூங்குகிறது என்று நினைத்து அவர் பாட்டுக்கு நோட்டுத் தைத்துக்கொண்டிருப்பார்; உள்ளே அது அழுது அழுது —

[இங்கே நான் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். என்னை மீட்டவள் அவள்தான்.]

“எங்க லிஃப்ட்ல பிரேக் பிடிக்கிறதுக்கு கரண்ட் வேணாம். பிரேக்கை விடறதுக்குத்தான் வேணும். கரண்ட் போனா அதுவா கப்புனு பிடிச்சுக்கும்.”

“திரும்பச் சொல்லு.”

சொன்னாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

“அடிப்பாவி! அப்போ என் விளக்கு தலைகீழா எரியுது!”

ஆமாம்! எப்போதும் எரியட்டும், அழுதால் அணையட்டும். சார்ஜர் செத்தாலும், வயர் அறுந்தாலும், கரண்ட் போனாலும் அணையும். அணைந்தால் ஓடு. அவ்வளவுதான் சட்டம்.

“மைக் கெட்டுப்போனா?” என்றார்.

“தினம் காலையில தொட்டில்கிட்ட நின்னு கை தட்டுங்க. அணையலைன்னா எனக்கு மெசேஜ் போடுங்க, நான் லீவு. ஆறு மாசமா லிஃப்டைப் பாக்காம உங்க மூஞ்சியவே பாத்ததுல எனக்கே தொழில் மறந்துபோச்சு.”

5

முடிவு ஒன்று: விளக்கு நாள் முழுக்க எரிகிறது. [குழந்தையோடு சேர்ந்து வாசகரும் தூங்கிவிடுவார்.]

முடிவு இரண்டு: திங்கள், பகல் பதினொரு மணி. காலையில் கை தட்டியாயிற்று, விளக்கு அணைந்து எரிந்தது. மனைவி ஏதோ ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள். பைண்டர் தடித்த நோட்டு ஒன்றின் முதுகில் பசை தடவுகிறார். விளக்கு எரிகிறது. எரிகிறது.

அணைந்துவிட்டது.

அழுகையா, கரண்ட் போய்விட்டதா? ஊரெல்லாம் போன கரண்ட் என்றால் ஒன்பதாவது மாடியிலும் இதே நொடியில் ஒரு பிரேக் கப்பென்று பிடித்திருக்கும். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நிற்கவும் இல்லை. பிரஷ் தரையில் கிடக்கிறது, நாற்காலி சாய்ந்து கிடக்கிறது, ஆள் உள்ளறை வாசலைத் தாண்டிவிட்டார்.

கதவு திறந்துதான் இருக்கிறது. நீங்களே போய்ப் பாருங்கள்.