கல்யாணப் பதிவாளரின் கண்ணீர்

சொம்போர் நகராட்சியில் கல்யாணம் பதிவுசெய்து வைக்கும் நெவேனாவுக்கு அந்தக் கோடையில் ஏகக் கிராக்கி. மோதிரம் மாற்றும் நேரத்தில் அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டும். "அழுவாங்களே, அந்தம்மாதான் வேணும்" என்று ஜோடிகள் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள்.

அது உருக்கமில்லை என்று அவளுக்கல்லவா தெரியும்! ஆறு வருஷமாகப் போடுகிற கான்டாக்ட் லென்ஸ், நாலு மாதமாக மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தியது.

ஒரு சனிக்கிழமை கலங்கிய கண்ணோடு தாளைப் பார்த்தவள், மாப்பிள்ளை பெயருக்குக் கீழே இருந்த சாட்சியின் பெயரைப் படித்துவிட்டாள். "ராட்கோ, இந்த மிலேவாவை மனைவியா ஏத்துக்கிறீங்களா?"

சாட்சியாக நின்ற மாப்பிள்ளைத் தோழன் ராட்கோ இரண்டு கையையும் ஆட்டி மறுத்தான். "ஐயோ, எனக்கு ஏற்கெனவே ஒருத்தி வீட்டுல இருக்காம்மா!"

கூடமே சிரித்தது. நெவேனாவுக்குக் காது மடல் சிவந்தது.

திங்கட்கிழமை கண் டாக்டர் கோசாராவிடம் போனாள். மஞ்சள் சொட்டு விட்டுப் பார்த்த டாக்டர், "உங்க கண்ணு காஞ்சு கிடக்கு" என்றார்.

"காஞ்சா? ஊரே என்னை அழுமூஞ்சிங்குது, டாக்டர்!"

"காஞ்ச கண்ணு உறுத்தும். உறுத்தினா தண்ணியாக் கொட்டும், ஆனா கண்ணுல தங்காது. மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் கிடையாது."

"கருத்தடை மாத்திரை?"

"அது மருந்தா? வசந்தத்துலேர்ந்து சாப்பிடறேனே!"

டாக்டர் சிரித்துவிட்டார். "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அதுல இருக்கற ஹார்மோன் சிலருக்குக் கண்ணீரோட பக்குவத்தை மாத்தலாம். லென்ஸ் போடறவங்களுக்கு அது சீக்கிரம் தெரியும். உங்களுக்கும் அதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். நீங்களா நிறுத்திடாதீங்க, மகப்பேறு டாக்டரைக் கேளுங்க. அதுவரைக்கும் சொட்டு மருந்து, லென்சுக்குப் பதிலா கண்ணாடி. திடீர்னு பார்வை மங்கினா மட்டும் உடனே ஓடி வாங்க."

மகப்பேறு டாக்டரோடு கலந்து பேசி, நெவேனா ஹார்மோன் இல்லாத காப்பர்-டிக்கு மாறினாள். சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்றும் வாங்கினாள். இலையுதிர்காலம் வருவதற்குள் உறுத்தல் அடங்கிவிட்டது.

அக்டோபரில் ஒரு கல்யாணம். முடிந்ததும் பெண்ணின் தாயார் குறைப்பட்டுக்கொண்டாள். "எங்க பொண்ணுக்கு மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடலையேம்மா?"

"எப்படிம்மா அழறது? குதிகால் செருப்போட உங்க பொண்ணு மாப்பிள்ளை காலை மிதிச்சாளே, அவர் மூஞ்சி போன போக்கைப் பாத்தேன். சிரிப்பை அடக்கறதே பெரும்பாடாப் போச்சு!"

தாயார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிளம் சாராயம் ஒரு கோப்பை ஊற்றி நெவேனாவின் கையில் திணித்து, விருந்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.