நாலு போதும்

ஆகஸ்ட் கடைசியில் கல்லூரி உணவுக்கூடத்தில் சீசன் தொடக்க விருந்து நடந்தது. பன்றி இறைச்சி, வெண்ணெயில் முங்கிய சோளம், காகிதத் தட்டு. போன வருடம் எங்கள் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணி பத்து ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்தது. அதுவும் எதிரணியின் பேருந்து வழியில் மக்கர் செய்து, அவர்கள் தூங்கி வழிந்துகொண்டு வந்து சேர்ந்ததால். ஆனாலும் விருந்து உண்டு, பேச்சு உண்டு, கைதட்டல் உண்டு. பயிற்சியாளர் கென்ட் நோவாக் என் கணவன் என்பதால் நானும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தாக வேண்டும்.

"இந்த வருஷம் என்ன எதிர்பாக்குறீங்க, ரொவீனா?" என்று பக்கத்து நாற்காலிப் பெண்மணி கேட்டாள்.

"மழை பெய்யாம இருந்தா சரி" என்றேன். அவள் அதற்கப்புறம் சோளத்தோடு மட்டும் பேசினாள்.

வெளியே வரும்போது விளையாட்டுத் துறைத் தலைவர் தோர்சன் எங்களைக் காரருகே மடக்கினார். நல்ல மனுஷன்தான். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் வானத்தைப் பார்த்துப் பேசுவார்.

"நாலு ஜெயிங்க, கென்ட். நாலு போதும், ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். அதுக்குக் கீழ போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வீடும் காலேஜ் வீடு, தெரியுமில்ல?"

தெரியாமலா? ஊர் ஊராகத் தோற்று, ஊர் ஊராக மூட்டை கட்டி வந்தவர்கள் நாங்கள். எங்கள் மகள் டெல்லாவுக்கு இது ஆறாவது பள்ளி, பள்ளிப் படிப்பில் கடைசி வருடம். மே மாதம் இந்த நெப்ராஸ்கா ஊரில், இந்தப் பிள்ளைகளோடு மேடையேறிப் பள்ளி முடித்த பட்டயம் வாங்க வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான். கென்டும் வாக்குக் கொடுத்திருந்தான்: "இந்தத் தடவ தோத்துட்டு ஓட மாட்டேன், கண்ணு. சத்தியம்."

ஆட்ட அட்டவணையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே ஒவ்வொரு கல்லூரிக்கும் 'வீடு திரும்பும் நாள்' என்று ஒன்று உண்டு. பழைய மாணவர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள், ஊர்வலம் போகும், மாணவர்களில் ஒரு ராஜா, ஒரு ராணிக்குக் கிரீடம் வைப்பார்கள். அன்றைக்கு ஜெயித்தே தீர வேண்டும் என்பதால், ஒரு சோப்ளாங்கி அணியாகப் பார்த்து ஆட்டத்துக்கு அழைப்பார்கள். நாங்கள் வெளியூர் போகும் ஐந்து ஆட்டங்களில் நான்கு அப்படிப்பட்டவை.

"எல்லாரும் வீடு திரும்புறதுக்கு நாமதான் வேணுமாம்" என்றாள் டெல்லா, ரொட்டியைக் கடித்துக்கொண்டே. "நமக்குத்தான் வீடே கிடையாது."

"பலியாடுன்னு நெனச்சுக் கூப்பிடுறானுங்க" என்றான் கென்ட். "முட்டிக் காட்டுறேன் இரு."

முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. மூன்றாவதற்கு மறுநாள் எங்கள் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்று யாரோ பலகை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பயிற்சியாளரை ஊரைவிட்டுப் போகச் சொல்லும் நாகரிகமான வழி அது. நான் அதைப் பிடுங்கவில்லை. புல் வெட்டும் இயந்திரத்தை அதைச் சுற்றி ஓட்டினேன். எதிர்வீட்டு ஆள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவமானமாக இருந்திருக்க வேண்டும். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல எனக்குள் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபரில் முதல் வெளியூர் திருவிழாவுக்குப் போனோம். பலூன்கள், பழைய மாணவர்களின் கூட்டம், குளிரில் நடுங்கும் ராணி. எங்கள் பையன் ஒருவன் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு மைதானம் முழுக்க ஓடியே போய்விட்டான். ஜெயித்தோம். ராணி கிரீடத்தைக் கழற்றிவிட்டு அழுதாள். அடுத்த ஊர் ராணியையும் அழ வைத்தோம். நான் கைதட்டினேன், எதையும் உணராமல். பக்கத்தில் டெல்லாதான் விரலை மடக்கிக்கொண்டே வந்தாள்: "ரெண்டு... மூணு..."

நான்காவது வெற்றி நவம்பரில் வந்தது. அன்று டெல்லா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அவ்வளவுதான், மே மாசம் நான் இங்கதான்!" என்று கத்தினாள். அப்புறமும் கென்ட் நிறுத்தவில்லை. ஐந்து, ஆறு என்று போனது. பலகை ஒரு நாள் காணாமல் போனது. அதே இடத்தில் யாரோ ஆப்பிள் பை பலகாரம் வைத்துவிட்டுப் போனார்கள். அதையும் சாப்பிட்டேன்.

சீசன் முடிந்த வாரம் கென்டுக்குத் தொலைபேசி வந்தது. காருக்குள் போய் உட்கார்ந்து பேசினான். அப்போதே தெரிந்துவிட்டது.

"மொன்டானால இருந்து" என்றான், உள்ளே வந்து. "பெரிய காலேஜ். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வந்து சேரணுமாம். ரொவீனா, இருபது வருஷமா இதுக்குத்தான காத்திருந்தேன்?"

"டெல்லாவுக்கு என்ன சத்தியம் பண்ணின?"

"தோத்துட்டு ஓட மாட்டேன்னு சொன்னேன். ஓடல. ஜெயிச்சா என்ன ஆகும்னு நம்ம யாருமே யோசிக்கலயே."

உண்மைதான். நான்குக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்று ஊரே கணக்குப் போட்டது. மேலே போவதை யார் கண்டார்கள்? கென்டுக்கு அவளிடம் சொல்லத் தைரியமில்லை. நான்தான் மாடிக்குப் போனேன்.

டெல்லா கட்டிலில் குப்புறப் படுத்து யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"ஆனா நாம ஜெயிச்சோமே, அம்மா" என்றாள்.

"ஆமா."

அழுவாள், கத்துவாள், கதவை அடித்துச் சாத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து அலமாரியைத் திறந்தாள். ஒரு சட்டையை எடுத்து, கைகளை உள்ளே மடித்து, தட்டையாக வைத்தாள்.

"எத்தன பெட்டி?" என்று கேட்டாள்.

அந்தக் குரல் என் குரல். ஒவ்வொரு ஊரிலும் நான் கென்டைக் கேட்ட குரல், புல் வெட்டும்போது எனக்குள் இருந்த அதே மரத்த குரல். பதினேழு வயதுப் பெண்ணின் வாயிலிருந்து அது வந்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நன்றாகவே வலித்தது.

அவள் மடித்து வைத்த சட்டையை எடுத்து அலமாரியில் திரும்ப மாட்டினேன். கீழே இறங்கினேன்.

"நீ போ, கென்ட். நாங்க வரல. இந்த வீட்டக் காலி பண்ணிட்டு எங்கயாவது ஒரு ரூம் பாத்துக்குறேன். மே மாசம் அவ பட்டயம் வாங்குறப்ப லீவு போட்டுட்டு வந்து கை தட்டு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். இப்படி நான் பேசி அவன் கேட்டதில்லை.

"குடும்பத்தோட வரேன்னு சொல்லிட்டேனே. இப்ப அங்க போய் என்னன்னு சொல்றது?"

"சொந்த மண்ணுல தோத்துட்டேன்னு சொல்லு" என்றேன்.