கட்டி இருந்த இடம்

அக்காவுக்குக் காத்திருக்கத் தெரியாது. கூரியர் ஆபீஸ் நடத்துகிறவள். அவளைப் பொறுத்தவரை உலகத்தில் உள்ளதெல்லாம் சாயங்காலத்துக்குள் போய்ச் சேரவேண்டிய பார்சல்தான். என் இடது மார்பில் இருப்பது புற்றுக்கட்டி என்று தெரிந்த அன்று நானும் ஒரு பார்சல் ஆகிவிட்டேன்.

நான் நீச்சல் பயிற்சியாளர். தண்ணீரைக் கண்டாலே பயப்படும் பெண்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன். குளத்துக்குப் பின்னால் உடை மாற்றுவதற்கு ஒரே ஒரு அறை, நடுவில் நீளமான பெஞ்சு. அங்கே யாரும் யாரையும் பார்க்காத மாதிரி இருப்போம், ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம். அந்த அறைக்குள் இப்போது இருக்கிற உடம்போடு திரும்பிப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. உயிருக்கு அடுத்தபடியாக எனக்கு மார்பு வேண்டும் என்று டாக்டர்களிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

டாக்டர்கள் இரண்டு பேர். அறுவை சிகிச்சை செய்யும் சர்ஜன் அம்மா, அப்புறம் மருந்து டாக்டர். இரண்டு பேரும் என்னை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு விவாதித்தார்கள்.

"கட்டி பெருசு. முதல்ல எடுத்துடறதுதான் எனக்குச் சரியாப் படுது" என்றார் சர்ஜன். "மருந்து குடுத்துக்கிட்டே இருக்கும்போது அது கரையாம வளர்ந்துட்டா?"

"இப்பவே எடுத்தா மார்பையும் சேர்த்துத்தான் எடுக்கணும்" என்றார் மருந்து டாக்டர். "அதோட, கட்டியை எடுத்துட்டு மருந்து குடுத்தா அது வேலை செய்யுதான்னு எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது? கட்டி உள்ள இருந்தாதானே கரையறது தெரியும்?"

இரண்டு பேரும் சொன்னது சரியாகவே பட்டது. அதுதான் எரிச்சல். ஒருவராவது முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி!

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "கெட்டுப்போன பார்ட்டை உள்ள வச்சுக்கிட்டு யாராவது லிஃப்டை ஓட்டுவாங்களா?" என்று கேட்டார்.

"நான் லிஃப்ட் இல்லை" என்றேன்.

அக்காவின் கட்சி வேறு. "எதுவானாலும் சரி, இன்னைக்கே ஆரம்பிங்க."

கடைசியில் மருந்துதான் முதலில் என்று முடிவாயிற்று. சர்ஜன் ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "கட்டி முழுசாக் கரைஞ்சு போயிட்டா எங்க வெட்டறதுன்னு எனக்குத் தெரியணும். அதனால மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி கட்டிக்குள்ள ஒரு க்ளிப் வச்சிடணும். அரிசியை விடச் சின்னது. ஊசி வழியா ஸ்கேன் பார்த்துக்கிட்டே வைப்பாங்க. அடையாளத்துக்கு."

க்ளிப் வைக்கிறவர் விடுமுறையில் இருந்தார். பத்து நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அக்கா காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி குதித்தாள்.

"பத்து நாள் அது உள்ள உட்கார்ந்து என்ன பண்ணும்? தாயம் ஆடுமா?"

மருந்து டாக்டரின் அறை வாசலில் ஒற்றைக் காலில் நின்றாள். அழுதாள், கெஞ்சினாள், ஒரு கட்டத்தில் சத்தம்கூடப் போட்டாள். "முதல் மருந்து ஏறின பிறகும் வைக்கலாம், ஆனா விட்டுடக் கூடாது" என்று சொல்லி அவர் இறங்கி வந்தார். மறுநாளே எனக்கு மருந்து ஏறியது. நானும் தடுக்கவில்லை. அப்போது என் கையும் சும்மா இருக்காது. பஸ்ஸில் போனாலும் பல் தேய்த்தாலும் விரல் தானாகக் கட்டியைத் தேடிப் போகும். வளர்ந்திருக்கிறதா, நகர்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கும். வீட்டுக்காரர் கையைத் தட்டிவிடுவார். ஐந்து நிமிடத்தில் மறுபடி போய்விடும்.

க்ளிப் வைக்க வேண்டிய அன்று எனக்குக் காய்ச்சல். ரத்த அணுக்கள் குறைந்திருப்பதால் ஊசி குத்தக் கூடாது என்று தேதியைத் தள்ளிப்போட்டார்கள். அதற்குள் இரண்டாவது மருந்தும் ஏறிவிட்டது. பிறகு ஸ்கேன் அறையில் க்ளிப் வைக்க வந்த பெண் டாக்டர் என் மார்பின் மேல் கருவியை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டே இருந்தார். தடவியிருந்த ஜெல் காய்ந்துபோக, இன்னொரு முறை ஊற்றினார்.

"எங்க வைக்கிறது? ஒண்ணுமே தெரியலையே."

அக்கா அங்கேயே என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். முடி போயிருந்தது, நாக்கில் ருசி செத்திருந்தது, ஆனால் கட்டியும் போய்விட்டதே.

மிச்ச மருந்தெல்லாம் முடிந்து சர்ஜனிடம் போனோம். அவர் பழைய ஸ்கேன் படங்களைத் திரையில் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்தார். கட்டி கரைந்துபோனாலும் அது இருந்த இடத்தை எடுத்தே ஆகவேண்டும், அங்கே கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருக்கலாம் என்றார். அடையாளம் காட்ட க்ளிப்பும் இல்லை. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீங்க தினமும் தொட்டுப் பார்த்திருப்பீங்க இல்ல? எங்க இருந்துதுன்னு காட்டுங்க."

இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்துக்கொண்டு விரலை வைத்தேன். அவர் பேனாவால் புள்ளி வைத்தார். கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி மறுபடி காட்டச் சொன்னார். விரல் வேறு இடத்துக்குப் போனது. கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது முறை வைத்தேன். மூன்று நீலப் புள்ளிகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல். பகலும் இரவும் தடவிக்கொண்டிருந்த இடத்தை எப்படித் தொலைத்தேன்?

சர்ஜன் முகம் மாறவில்லை. "ரெண்டு வழி இருக்கு. பழைய ஸ்கேன் அளவை வச்சு, இருந்திருக்கக்கூடிய இடத்தைக் கொஞ்சம் அகலமா எடுக்கலாம். இல்ல, முழுசா எடுத்துடலாம். முதல் வழியில தப்பு நடக்க வாய்ப்பு இருக்கு."

"முழுசா எடுத்துடுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்களைக் கேட்கலை" என்றேன். முதல் வழியைத் தேர்ந்தெடுத்தேன். அறுவை நடந்தது. கட்டுப் பிரித்துக் கண்ணாடியில் பார்த்தபோது ஒரு பக்கம் லேசாக அமுங்கியிருந்தது, அவ்வளவுதான். நீச்சல் உடைக்குள் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுப் பாடினேன்.

ரிப்போர்ட் வந்த அன்று மூன்று பேரும் போனோம்.

"எடுத்த சதையில புற்று இல்ல" என்றார் சர்ஜன்.

அவர் வாயை மூடுவதற்குள் அக்கா ஃபோனை எடுத்துவிட்டாள். அம்மாவுக்கு, சித்திக்கு, ஆபீஸுக்கு என்று விரல்கள் பறந்தன. என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சர்ஜனைப் பார்த்தேன். நல்ல சேதி சொல்கிறவர் முகம் அப்படி இருக்காது.

"இன்னும் முடிக்கலை" என்றார் அவர். "புற்று முழுசாக் கரைஞ்சு போனாலும் அது இருந்த இடத்துல ஒரு தழும்பு இருக்கும். மைக்ராஸ்கோப்பில தெரியும். இதுல அந்தத் தழும்பே இல்ல. ரெண்டு தடவை பார்க்கச் சொன்னேன். முழுக்க முழுக்க நல்ல சதை."

"நல்லதுதானே டாக்டர்?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லம்மா. கட்டி இருந்த இடம் இன்னும் உள்ளதான் இருக்கு. நான் வேற இடத்தை எடுத்திருக்கேன்."

அக்காவின் ஃபோன் மட்டும் டிங், டிங் என்று வாழ்த்துகளைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை.

"அந்த இடத்துல ஒண்ணுமே மிச்சம் இல்லாமலும் இருக்கலாம்" என்றார் சர்ஜன். "ஆனா இல்லைன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. மறுபடி பக்கத்துல எடுத்துப் பார்க்கலாம். அதுவும் குத்துமதிப்புதான்."

"அவசரப்பட வேண்டாம் டாக்டர்" என்றாள் அக்கா. "ஒரு வாரம் டைம் குடுங்க. வேற யார்கிட்டயாவது கேட்டுட்டு..."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். இத்தனை மாதம் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று ஆளாளுக்கு என் உடம்பை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இனி எதை முதலில் செய்வது என்ற கேள்வியே இல்லை. பாக்கி இருந்தது ஒன்றுதான்.

"முழுசா எடுத்துடுங்க டாக்டர்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. வீட்டுக்காரர் எழுந்து என் முதுகில் கை வைத்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னாலதான்டி எல்லாம்" என்றாள்.

இல்லக்கா, அப்படிச் சொல்லாதே என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.

"ஆமாக்கா, உன்னாலதான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சர்ஜன் தேதி பார்த்துக் குறித்துக் கொடுக்கும்வரை விடவே இல்லை.