நான்காம் நம்பர் கடிதம்

அந்தப் பதிப்பகத்துக்கு ஆறு மாடி. ஐந்து மாடிகளில் புத்தகம் போட்டார்கள். ஆறாவது மாடியில், மொட்டை மாடிப் படிக்கட்டை ஒட்டிய சின்ன அறையில், போட்டதற்காக வருத்தப்பட்டார்கள். வருத்தப்படுவதற்கென்றே ஒருத்தியைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். பிரிவின் பெயர் ‘வாசகர் தொடர்பு’. மற்ற மாடிக்காரர்கள் அவளை ‘வருத்தம் மேடம்’ என்றார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. அவளும் திரும்பிப் பார்ப்பாள். நான்கு வருடத்தில் அதுவும் பழகிவிட்டது.

நாளைக்கு முப்பது நாற்பது கடிதம் வரும். வாசகர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. சமையல் புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்துக்கு அடுத்து ஐம்பத்தேழாம் பக்கம் வருகிறது, அடுப்பில் வைத்தது வைத்தபடி இருக்கிறது, உடனே பதில் போடவும் என்று ஒருவர். கவிதைப் புத்தகத்தில் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறதே, மிச்சத்தை எப்போது அனுப்புவீர்கள் என்று இன்னொருவர். பின்னட்டையில் எழுத்தாளர் சிரித்துக்கொண்டிருப்பது கதைக்குப் பொருத்தமாக இல்லை என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார். சும்மா சொல்லக் கூடாது, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

இத்தனை பேருக்கும் அங்கே இருந்த பதில் மொத்தம் நான்கு. ஒன்றாம் நம்பர்: வருந்துகிறோம், வேறு பிரதி அனுப்புகிறோம். இரண்டாம் நம்பர்: வருந்துகிறோம், அனுப்புவதற்கில்லை. மூன்றாம் நம்பர்: வருந்துகிறோம், எழுத்தாளருக்குத் தெரிவிக்கிறோம். (தெரிவிப்பதில்லை.) நான்காம் நம்பர்: வருந்துகிறோம், இனி இது தொடர்பாகக் கடிதப் போக்குவரத்து இயலாது. வருந்துகிறோம் என்று எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லலாம். தவறு எங்களுடையது என்று ஒரு தரம்கூடச் சொல்லக் கூடாது. கீழே பிரிவின் பெயர்தான் இருக்க வேண்டும், ஆளின் பெயர் கூடாது. இதெல்லாம் மேலாளரின் கண்டிப்பான உத்தரவு.

அனுப்பும் புத்தகத்துக்குள் ஓர் அட்டையும் வைப்பார்கள். ‘முழுத் திருப்தி’, ‘ஓரளவு’, ‘இல்லை’ என்று மூன்று கட்டம். ஒன்றில் டிக் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். இதுவரை ஒரு பிறவியும் அனுப்பியதில்லை. பதில் வராதவர்களை எல்லாம் முழுத் திருப்தியில் சேர்த்து மேலாளர் வருடாவருடம் அறிக்கை கொடுத்தார். விலாசம் அச்சடிக்கும் இயந்திரம் போன வருடம் படுத்துவிட்டதால் கவரில் விலாசத்தை மட்டும் வருத்தம் மேடம் கையால் எழுதினாள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. எழுத்தைப் பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தங்கச்சியின் எழுத்து. ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தங்கச்சி. விலாசம் இதே நகரம், இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும் இடம். ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊரில் இருந்தவள் எப்போது இங்கே குடிவந்தாள்? யார் சொல்லப் போகிறார்கள்.

‘ஐயா, தங்கள் நாவலில் 145 முதல் 160 வரையான பக்கங்கள் தலைகீழாக உள்ளன. புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துப் படித்தேன். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பதிப்பகமே பொறுப்பு.’

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தங்கச்சியின் ஊமைக் குசும்பு அப்படியே இருந்தது. பக்கங்கள் நேராக இருந்த ஒரு பிரதியைத் தேடி எடுத்து, ஒன்றாம் நம்பரோடு அனுப்பிவைத்தாள்.

பத்து நாளில் இரண்டாவது கடிதம். ‘ஐயா, பக்கங்கள் நேராக உள்ளன. ஆனால் மேலட்டையின் மூலை மடங்கியிருக்கிறது. கவரில் விலாசம் எழுதியவரின் கையெழுத்து அழகாக இருக்கிறது. அவர் நலமாக இருப்பார் என்று நினைக்கிறேன்.’

அந்தக் கடிதத்தை ஏழு தரம் படித்தாள். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். திரும்பி வந்து ஒரு வெள்ளைத் தாளில் ‘நான் நலம்’ என்று எழுதினாள். அதற்கு அடுத்த வரி என்ன என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை எழுதக் கை வரவில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டாம் நம்பரை அனுப்பினாள்.

அந்த அடுத்த வரி அம்மாவைப் பற்றியது. அம்மா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தங்கச்சி தினமும் போன் செய்தாள். “சாதாரணக் காய்ச்சல்தான், உன் பொண்ணுக்குப் பரீட்சை இருக்கே, முடிச்சுட்டு வா” என்றாள் அக்கா. பன்னிரண்டாம் நாள் தங்கச்சி வந்தபோது பார்க்க அம்மா இல்லை. “நீ சொல்லியிருந்தா வந்திருப்பேனே” என்று ஒரே ஒரு தரம்தான் கேட்டாள். “நான் என்ன வேணும்னா செஞ்சேன்? எனக்கும் வருத்தம்தான்” என்றாள் அக்கா. அன்றைக்கு நின்ற பேச்சு. வருத்தம் மேடத்துக்கு அந்த வேலை கிடைத்தது அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான். ஆனால் பயிற்சி முன்பே முடிந்திருந்தது.

மூன்றாவது கடிதம் நேராக மேலாளர் மேசைக்குப் போய்விட்டது. ஒரே வாசகர் மூன்று தரம் புகார் செய்தால் அங்கேதான் போகும். அவர் அவளைக் கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டினார்.

‘ஐயா, 112-ஆம் பக்கத்தில் கதாநாயகியின் தங்கை ஊரிலிருந்து கிளம்பத் தயாராகிறாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. அவளை வர வேண்டாம் என்று சொன்னது யார்? ஏன் சொன்னார்கள்? எழுத்தாளர் பதில் சொல்ல வேண்டாம். விலாசம் எழுதுகிறவர் சொன்னால் போதும். பி.கு.: என் கதவு எண் 14 அல்ல, 14-அ.’

“மூணு புகார் ஆச்சு. நாலாம் நம்பர் போட்டு முடிச்சிடுங்க மேடம்” என்றார் மேலாளர்.

“சார், இவங்க கேக்குறதுல ஒரு நியாயம் இருக்கு.”

“இருக்கட்டும். நியாயத்துக்கு நம்மகிட்ட நம்பர் இல்லையே.”

“தப்பு நம்ம மேலதான்னு ஒரு வரி எழுதிப் போட்டா...”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “யார் மேல?”

“என் மேல.”

“நாவலை நீங்களா எழுதினீங்க?”

“இல்ல சார்.”

“அப்புறம் எதுக்கு வம்பை விலைக்கு வாங்குறீங்க? வருத்தம்னு போடுங்க. வருத்தத்துக்கு யாரும் கேஸ் போட மாட்டாங்க.”

அவள் தன் அறைக்கு வந்து நான்காம் நம்பரை எடுத்துக் கவரில் போட்டாள். விலாசம் எழுதினாள். 14-அ. எழுதி முடித்துத் தன் எழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கையெழுத்தில், இந்தக் கவருக்குள், ‘இனி கடிதப் போக்குவரத்து இயலாது’ என்று போய்ச் சேர்ந்தால் தங்கச்சி என்ன நினைப்பாள்? அத்தோடு முடிந்தது. இன்னொரு கடிதம் இந்த ஜென்மத்தில் வராது.

கவரைக் கைப்பையில் வைத்தாள். அலமாரியிலிருந்து மூலை மடங்காத ஒரு பிரதியை எடுத்து, வழக்கம்போல் டிக் போடும் அட்டையை உள்ளே வைத்துக்கொண்டாள். அனுப்புகைப் பதிவேட்டில் ‘அனுப்பிய விதம்’ என்ற இடத்தில் ‘நேரில்’ என்று எழுதிவிட்டு, அரை நாள் லீவு சொல்லிக் கிளம்பினாள். முதல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இரண்டாவதில் கிடைக்கவில்லை.

கதவைத் திறந்தது தங்கச்சிதான். காதோரம் நரைத்திருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள்.

“புத்தகம் கொண்டு வந்தியா?”

“ம்.”

“மூலை மடங்கியிருக்கா?”

“பார்த்துத்தான் எடுத்தேன்.”

“சரி, உள்ள வா.”

சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி உட்கார்ந்தார்கள். தங்கச்சி கவரைப் பிரித்து நான்காம் நம்பரை நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல் உரக்கப் படித்தாள்.

“இதைக் குடுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?”

“அது ஆபீஸ் சொல்றது. நான் சொல்ல வந்தது வேற.”

“சொல்லு.”

“உனக்கு ஏற்பட்ட...” என்று ஆரம்பித்து அக்கா நிறுத்திக்கொண்டாள். பழக்கதோஷம். “தப்பு என்னோடது” என்றாள். ஒரு தரம் சொன்னதும் மீதி தானாக வந்தது. “மூணாம் நாளே டாக்டர் சொல்லிட்டார், அம்மா தேறமாட்டாங்கன்னு. உங்கிட்ட காய்ச்சல்னு சொன்னேன். பரீட்சைன்னதெல்லாம் சாக்கு. சின்ன வயசுலேர்ந்து அம்மாவுக்கு நீன்னா ஒரு படி மேலதான். கடைசியிலயாவது நான் ஒருத்தி மட்டும் பக்கத்துல இருக்கணும்னு நினைச்சேன். இவ்வளவு சீக்கிரம் போயிடுவாங்கன்னு நினைக்கல.”

தங்கச்சி நான்காம் நம்பரை நான்காக மடித்தாள். “அம்மா என்னைக் கேட்டாங்களா?”

ஆறு வருடமாக அக்கா பயந்தது இந்தக் கேள்விக்குத்தான்.

“தினம் கேட்டாங்க. வந்துட்டே இருக்கான்னு சொன்னேன்.”

“நம்பினாங்களா?”

“நம்பினாங்க. கதவைப் பார்த்தபடியேதான் படுத்திருந்தாங்க.”

தங்கச்சி எழுந்து உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. எதற்காகக் குழாயைத் திறந்திருக்கிறாள் என்று அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவளும் இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதாள். தங்கச்சி முகம் கழுவிக்கொண்டு வந்தபோது கையில் இரண்டு தம்ளர் டீ இருந்தது. ஒன்றை அக்கா முன்னால் வைத்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். உள்ளேயிருந்து அந்த மூன்று கட்ட அட்டை விழுந்தது.

“பேனா குடு.”

கொடுத்தாள். தங்கச்சி டிக் போட்டு அட்டையை மேசை மேல் தள்ளிவிட்டாள். ‘ஓரளவு.’

“ஓரளவுதானா?”

“இதுவே ஜாஸ்தி. பின்னாடி என்ன போட்டிருக்கு, படி.”

அக்கா திருப்பிப் படித்தாள். “முழுத் திருப்தி பெறாத வாசகர்கள் பதினைந்து நாள்களுக்குள் மீண்டும் தொடர்புகொள்ளலாம்.”

“பதினஞ்சு நாளெல்லாம் என்னால பொறுக்க முடியாது. ஞாயித்துக்கிழமை வா. அம்மா என்ன சாப்பிட்டாங்க, என்ன பேசினாங்க, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாங்க, பதினோரு நாளையும் ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும்.”

“சொல்றேன்.”

“டீ ஆறுது, குடி.”

அக்கா டீயைக் குடித்துவிட்டு அட்டையைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அந்தப் பிரிவுக்குத் திரும்பி வந்த முதல் அட்டை அதுதான்.