ஒரு பன்னில் இருக்கும் சத்து

"மத்தியானம் இன்னாய்யா துன்னே?"

"சோறுதான்."

"கொயம்பு?"

"பருப்பு. கூட கத்திரிக்கா."

"நேத்தும் கத்திரிக்கா. பட்டாளத்துல வேற காயே மொளைக்காதா?"

"வெள்ளக்காரனுக்கு கத்திரிக்கான்னா உசுரு."

"அப்டியா. அவன் ஊருக்குப் போவும்போது ரெண்டு பிடி வெத குடுத்து அனுப்பு."

பூங்காவனம் சிரித்துக்கொண்டே அவன் கழற்றிப்போட்ட சட்டையை எடுத்தாள். வாளியில் முக்குவதற்கு முன்னால் அதை முகத்தருகே கொண்டுபோய் ஒரு நொடி நிறுத்தினாள். பிறகு தண்ணீரில் அழுத்தினாள். இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. ஆவடியிலிருந்து பட்டாபிராமுக்குத் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து வரும்போதெல்லாம் ஜம்புலிங்கத்துக்கு அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. கத்திரிக்காய்ப் பொய்யைச் சொன்ன தன் குரல் அதில் தெளிவாகக் கேட்டது. சட்டையை அவள் ஏன் அப்படிப் பிடித்தாள் என்று மட்டும் அவன் யோசித்ததில்லை.

யுத்த காலம். அவனுக்கு ஆவடியில் பட்டாளத்து கேண்டீனில் வேலை. சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு வரும் ரயில், கேண்டீனை ஒட்டிய கிளைத் தண்டவாளமான சைடிங்கில் இருபது நிமிடம் நிற்கும். அந்த இருபது நிமிடத்துக்குள் முன்னூறு பேர் இறங்கி, நின்றபடியே தின்றுவிட்டு ஏறவேண்டும். அதற்கென்று ஒரு பண்டம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கொத்திய கறியில் வெங்காயமும் ரொட்டித் தூளும் பிசைந்து, தராசில் நாலு அவுன்ஸ் நிறுத்து, டின் மூடியில் அழுத்தித் தட்டி, கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சுட்டு, பிளந்த பன்னுக்குள் வைத்துக் கொடுப்பது. வெள்ளைக்காரர்கள் அதற்கு வேறு பேர் சொன்னார்கள். சமையற்கட்டில் அதற்குப் பேர் கறி பன்.

சுவரில் ஒரு மரப்பலகை தொங்கியது. சாப்பாட்டைப் பரிசோதிக்க வந்த ஆபீசர் ஒருவர் மாட்டிவிட்டுப் போனது. ஒரு கறி பன்னில் மாவு எவ்வளவு, கறி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அதையெல்லாம் தின்றால் ஒரு சிப்பாய்க்கு எத்தனை கலோரி என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. எட்டாவது வரை படித்த ஜம்புலிங்கம்தான் அதைப் படித்து மற்றவர்களுக்குச் சொன்னான்.

"இன்னா மாமே, பலகையவே பாத்துகினு கீற?" என்பான் தலைமைச் சமையல்காரன் துலுக்கானம். "அதுல கறி எய்திதான் வெச்சிருக்கானுவ. துன்ன முடியாது. இந்தா, இது ஒடஞ்சி போச்சி, துன்னு."

உடைந்ததும் கருகியதும் சமையற்கட்டு ஆட்களுக்கு. அது அங்கே வழக்கம். முதல் தடவை துலுக்கானம் நீட்டியபோது ஜம்புலிங்கம் வேண்டாம் என்றான். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றான். மூன்றாவது தடவை காலையிலிருந்து பன்னிரண்டு மூட்டை மாவு இறக்கியிருந்தான். கை தானாக நீண்டது. அது ஆட்டுக்கறி இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் ஆடியில் அவர்களுடைய முதல் குழந்தை பிறந்த மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. காரியம் முடிந்த மறுவாரம் புருஷனும் பெண்டாட்டியும் அம்மன் கோயிலில் ஈரத்துணியோடு நின்று வேண்டிக்கொண்டார்கள். அடுத்து ஒரு பிள்ளை பிறந்து, அதற்கு ஒரு வயது நிறையும் வரை இருவரும் கவுச்சி தொடுவதில்லை. பூங்காவனம் கருவாட்டுப் பானையைக்கூடக் கழுவிப் பக்கத்து வீட்டு முத்தம்மாளுக்குக் கொடுத்துவிட்டாள்.

வேண்டுதல் மூன்றாவது வாரமே அவன் பக்கம் உடைந்துவிட்டது. அதைச் சரிக்கட்ட அவனுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் தன் தட்டிலிருந்து பாதிக்கு மேல் அள்ளி அவள் தட்டில் போடுவான்.

"நான் அங்கயே துன்னுட்டேன். நீ துன்னு."

"ரெண்டு ஆளு சோறு நான் துன்னா ஊடு தாங்குமா?"

"ரெண்டு உசுரு கீதே. துன்னு."

தை மாதத்துக்குப் பிறகு உண்மையாகவே இரண்டு உயிர்தான்.

நல்ல சோறு அது. கேண்டீன் இருந்த பட்டாளத்து டிப்போவில் வேலை செய்பவர்களுக்கு அங்கேயே அரிசி அளந்தார்கள். மில்லில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. செம்பரம்பாக்கத்திலிருந்து அவளுடைய அப்பா ஒருமுறை வீட்டுப் புழுங்கல் அரிசியைத் துணியில் கட்டிக்கொண்டு வந்தபோது, பூங்காவனம் அதைச் சிரித்துத் திருப்பி அனுப்பினாள். "எங்க ஊட்ல மல்லிப்பூ மாதிரி சோறு துன்றோம் நைனா. இந்தச் செவப்பு யாருக்கு?" அவர் வருத்தப்படவில்லை. மகள் நன்றாக இருக்கிறாள் என்று ஏரிக்கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

அந்த அரிசியில் ஒரே குறை, சாக்கு நாற்றம். அது போவதற்கு அவள் ஐந்து தண்ணீர், ஆறு தண்ணீர் விட்டுக் கழுவுவாள். பூ மாதிரி உதிர வேண்டும் என்று கஞ்சியை ஒட்ட வடிப்பாள். அந்தக் கஞ்சியை உப்புப் போட்டு விடியற்காலையில் அவனுக்குக் கொடுப்பாள். மூட்டை தூக்குகிறவனுக்குத் தெம்பு வேண்டும்.

ஆறாம் மாதம் அவளுக்குக் கால் வீங்கியது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வீங்காமல் வேறு யாருக்கு வீங்கும் என்றாள் முத்தம்மாள். ஏழாம் மாதம் மெட்டி விரலில் புதைந்து, சோப்பு போட்டும் கழலாமல், வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. கிணற்றிலிருந்து குடத்தோடு வரும்போது வழியில் ஒரு முறை உட்கார்ந்தாள். பிறகு இரண்டு முறை. கெண்டைக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. அது நிரம்புவதற்குள் ஜம்புலிங்கம் நூறு எண்ணிவிடுவான்.

என்னால்தான் என்று அவன் முடிவுக்கு வந்திருந்தான். அம்மன் கணக்கு அவனுக்குச் சுலபமாகப் புரிந்தது. ஆனாலும் டிப்போ மருந்தகத்துக்குப் போனான். கம்பவுண்டர் உலகநாதன் பூந்தமல்லிக்காரர், கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்லக்கூடியவர்.

"அரிசி எங்க வாங்கறீங்க?"

"இங்கதான் சார். நல்ல வெள்ள அரிசி."

"எத்தினி தண்ணியில கழுவறா?"

"அஞ்சு, ஆறு."

"கஞ்சி வடிக்கிறாளா?"

"ஒட்ட வடிப்பா சார்."

"யார் குடிக்கிறது அத?"

"நான்தான் சார். வேலைக்குப் போறவன்னு குடுப்பா."

உலகநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மில்லுல தீட்டும்போதே பாதி சத்து போயிடுதுப்பா. மீதி கழுவின தண்ணியில. அதுக்கும் மேல ஏதாவது ஒட்டிகினு இருந்தா கஞ்சியில எறங்கிடுது. அவ துன்றது வெறும் வெள்ளை. பெரிபெரின்னு பேரு. நரம்பப் புடிக்கும். அப்புறம் இருதயம்."

"அவ ரெண்டு பங்கு துன்றா சார். என் பங்கையும் நான் அவளுக்குத்தான்..."

"அதான். அந்தச் சோறு ஏற ஏற இந்த நோவும் முத்தும்."

வெளியே லாரி ஒன்று பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. அது நின்றதும் உலகநாதன் கேட்டார்.

"மொதல் குழந்தை எப்படிப் போச்சு?"

"பால் குடிச்சிகினுதான் இருந்துச்சு சார். நல்லா கொழுகொழுன்னு. ரெண்டு நாளு வாயத் தொறந்து அய்வுது, சத்தமே வரல. மூணாம் நாளு மத்தியானம்..."

கம்பவுண்டர் மேசைமேல் இருந்த சீசாவைத் திறந்து, எதுவும் எடுக்காமல் மூடினார். "இத நீ அவகிட்ட கேக்காத. நான் கேட்டேன்னும் சொல்லாத."

அவள் பாலிலும் சத்து இல்லாமல்தான் குழந்தை போனது என்று ஜம்புலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நின்றான்.

"தவிடு குடு. புழுங்கலரிசி, வேர்க்கடலை. கறி, ஈரல் ஏதாச்சும். ஊசி ஒண்ணு கீது, அது சிப்பாய்ங்களுக்கு மட்டும்தான் வருது. ஏன், நீங்க சுடறீங்களே அந்த பன்னு, அது தவிட்டோட அரைச்ச மாவு. உள்ள கறி வேற. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி தெனம் ஒண்ணு அவ வயித்துக்குப் போயிருந்தா..." மேலே சொல்லாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் ஜம்புலிங்கம் செம்பரம்பாக்கத்துக்கு நடந்தான். மாமனார் வீட்டு நெல்லைச் சர்க்கார் கொள்முதலில் எடுத்துப் போயிருந்தார்கள். ஒளித்து வைத்திருந்த இரண்டு படிப் புழுங்கலை அவர் கொடுத்தார். மகளுக்கு என்ன என்று கேட்டவரிடம், வாய்க்கு ருசியாகக் கேட்கிறாள் என்றான். அவர் சந்தோஷப்பட்டார். அந்தச் சோற்றில் நாலு வாய் பூங்காவனத்துக்கு இறங்கியது, ஐந்தாவது வாயில் எல்லாம் வெளியே வந்தது. தவிட்டை வெல்லம் போட்டு உருட்டிக் கொடுத்தான். அதுவும், வடித்த கஞ்சியும் தங்கவில்லை.

ஒருநாள் உடையாத முழுப் பன் ஒன்றைச் சட்டைக்குள் வைத்து எடுத்துவந்தான். நடையெல்லாம் அது வயிற்றில் சுட்டது. வாசலுக்கு வந்தபோது பூங்காவனம் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மன் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். குனிய முடியாததால் படத்தை மாடத்திலிருந்து இறக்கி, கண்ணுக்கு நேராக ஆணி அடித்து மாட்டச் சொல்லியிருந்தாள். அந்த விளக்குக்கு முன்னால் நின்று, நான் ஒரு வருடமாக இதைத் தின்கிறேன், நீயும் தின்னு என்று சொல்ல வேண்டும். அவன் வந்த வழியே திரும்பி நடந்தான். சைடிங் ஓரத்தில் படுத்திருந்த நாய் பன்னை இரண்டு கடியில் தின்றுவிட்டு அவன் கையைப் பார்த்தது. அடுத்த பத்து நாளும் நாளைக்கு, நாளைக்கு என்றே போயிற்று.

பதினோராம் நாள் அவள் உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கினாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். அன்று காலையில் ஜம்புலிங்கம் கஞ்சியைத் தொடாமல் எழுந்தான். இன்றைக்கு எப்படியும் கொண்டுவந்து, சொல்லிவிட்டு, தன் கையால் ஊட்டுவது என்று தீர்மானித்திருந்தான். அவள் அடித்தாலும் சரி.

கேண்டீனில் புகை இல்லை. துலுக்கானம் கல்லைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"சண்டை முடிஞ்சி மூணு மாசமாச்சில்ல மாமே. கடைசி வண்டியும் வுடியறதுக்குள்ள போயிடிச்சி. கேண்டீன மூடச் சொல்லிட்டானுவ. சாமானெல்லாம் துறைமுகத்துக்குப் போவுது."

"ஒரு பன்னு கீதா அண்ணாத்தே?"

"வந்த வண்டிக்கே பத்தல."

"ஒடஞ்சது? கருகனது?"

"தூளுகூட இல்ல. இன்னா மாமே, மூஞ்சி இப்டிப் போவுது? உனக்கும் எனக்கும் வேற வேலை கெடைக்காமலா பூடும்? இந்தக் கல்லுதான் பாவம். இதுல இனிமே தோசைகூட சுட முடியாது."

ஜம்புலிங்கம் நாள் முழுக்கப் பெட்டி அடுக்கினான். கசாப்புக்காரர் கடைக்குப் போய் வந்தான். வெள்ளிக்கிழமை, கடை திறக்கவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது விறகுக் குவியலில் பலகை கிடந்தது. அடுப்புக்காவது ஆகும், எடுத்துக்கொண்டு போ என்றான் துலுக்கானம். வெறுங்கையோடு போக மனமில்லாமல் எடுத்துக்கொண்டான்.

வீட்டில் பூங்காவனம் நெல் சாக்கில் வைக்கோல் திணித்துச் செய்த திண்டில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கூட இருந்த முத்தம்மாள் அவனைப் பார்த்ததும் எழுந்து போனாள்.

"இன்னாய்யா அது, பலகை?"

"கேண்டீன்ல மாட்டியிருந்தது."

"இன்னா எய்தியிருக்குது? படி."

"அது எதுக்கு இப்ப?"

"சும்மா படியேன். பொயுது போவல."

அவன் பலகையை மடியில் வைத்துக்கொண்டான். "பன்னு, மூணு அவுன்ஸு."

"ம்."

"கறி, நாலு அவுன்ஸு. கொயுப்பு. புரோட்டீன். இரும்பு."

"இரும்புமா துன்றானுவ?" அவள் சிரிக்கப் பார்த்தாள். மூச்சு இடையில் நின்று மறுபடி வந்தது. "அப்புறம்?"

"வைட்டமின் பி ஒண்ணு." அந்த வரியில் பெயிண்ட் கொஞ்சம் உரிந்திருந்தது. "கலோரி, ஐந்நூத்தி அறுவது."

"கலோரின்னா?"

"பலம்."

"ஒரே பன்னுலயா அவ்ளோ பலம்?"

"ஆமா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று அவன் பலகையைக் கீழே வைக்கப் போனான்.

"நாக்குல எப்டி இருக்கும் அது?"

அவனுக்குத் தெரியாது என்று சொல்லலாம். கத்திரிக்காய் மாதிரி இன்னொரு பொய். சுவரில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளால் எழ முடியவில்லை, முத்தம்மாள் ஏற்றியிருக்க வேண்டும்.

"ஓரம் மொறுமொறுன்னு இருக்கும்," என்றான். "நடுவுல மெத்துன்னு. வெங்காயம் வாசனையா இருக்கும். கல்லுல இருந்து எடுத்த ஒடனே துன்னா பன்னு நனைஞ்சி கையெல்லாம் வழியும்."

சொல்லி முடித்து அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். திட்டு வரும், அழுகை வரும் என்று காத்திருந்தான். வீங்கிய கை ஒன்று அவன் தோளில் வந்து, சட்டையைப் பிடித்து, கொஞ்சம் தன் பக்கம் இழுத்தது.

"தெரியும்," என்றாள் பூங்காவனம். "ஒரு வருசமா மோந்துகினுதான் கீறேன். இன்னிக்கி அந்த வாசனையே காணோம்."

கேண்டீனில் கவிழ்ந்து கிடந்த கல்லை நினைத்துக்கொண்டே அவன் பலகையை மடியிலிருந்து கீழே வைத்தான்.

"எத்தினியோ நாளு கேக்கணும்னு நெனச்சேன். கேட்டா உனக்கு வெக்கமாப் பூடுமேன்னு வாய மூடிகினேன்." அவள் மூச்சுக்காக நிறுத்தினாள். நீண்ட நேரம் நிறுத்தினாள். "நாளைக்கி வரும்போது எனக்கும் ஒண்ணு எடுத்துகினு வாய்யா. எந்தக் கறியா இருந்தாலும் சரி. அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."